கார்ன் பாம்புக் குட்டி சாப்பிட மறுக்கிறதா, கக்குகிறதா, எடை ஏறவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

முட்டையிலிருந்து வெளிவந்து ஓராண்டு நிறையாத கார்ன் பாம்புக் குட்டிகளை வளர்ப்போருக்காக இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைத் தாயகமாகக் கொண்ட இந்த நஞ்சற்ற பாம்பு, பல தலைமுறைகளாக வளர்ப்பிடங்களிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டு வருவதால், முதன்முதலாகப் பாம்பு வாங்குவோர் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் இனமாக இருக்கிறது. பிறக்கும்போது ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும், 5 முதல் 8 கிராம் எடையும் மட்டுமே இருக்கும். இவ்வளவு சிறிய உடலில் 1 கிராம் குறைவது என்பதே பெரிய இழப்பு. ஆகையால் முழு வளர்ச்சி பெற்ற பாம்பிடம் காட்டக்கூடிய பொறுமையை, குட்டியிடம் அதே அளவுக்குக் காட்ட முடியாது. ராயல் பைத்தான் (பால் பைத்தான் என்றும் அழைக்கப்படும் சிறிய மலைப்பாம்பு இனம்) வளர்ப்போரும் இதைப் பயன்படுத்தலாம்; அந்த இனம் மாறுபடும் இடங்களை அங்கங்கே சுட்டியிருக்கிறேன்.

இந்தியாவிலிருந்து படிப்போருக்கு ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சாரை முதலான நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க இடமில்லை. தோட்டத்தில் குட்டி கிடைத்தால் வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. ராயல் பைத்தானைப் போலச் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) பட்டியலில் உள்ள அயல்நாட்டு இனங்களை, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்: எடையும் வெப்பமும்

குட்டி சாப்பிடவில்லை என்றதும் பெரும்பாலானோர் முதலில் இரையை மாற்றுகிறார்கள். என் அனுபவத்தில் கோளாறு இரையில் இருப்பது குறைவு; பெட்டியின் வெப்பத்திலோ, ஒளிந்துகொள்ள இடம் இல்லாமையிலோ, அளவுக்கு மீறிக் கையில் எடுப்பதிலோதான் அது பெரும்பாலும் இருக்கும். எனவே கீழே வரும் எந்த அறிகுறியாக இருந்தாலும், முதலில் இரண்டு அளவுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது எடை. 0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில், மூடியுள்ள ஒரு சிறு டப்பாவை வைத்துப் பூச்சியமாக்கி, அதற்குள் குட்டியை விட்டு எடை பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை, இரை கொடுப்பதற்கு முன், வயிறு காலியாக இருக்கும்போது பார்த்தால்தான் ஒரு வாரத்து எண்ணை மறு வாரத்து எண்ணோடு ஒப்பிட முடியும். இரை விழுங்கிய மறுநாள் காட்டும் எடையில் ஒரு பகுதி எலியின் எடையாகவே இருக்கும். எச்சமிட்டதும் எடை சற்றே இறங்கும் என்பதால், ஒற்றை எண்ணைக் கண்டு கலங்காமல், நான்கைந்து வாரங்களின் போக்கைப் பாருங்கள்.

இரண்டாவது வெப்பம். பெட்டியின் ஒரு முனையில், தரைப்பரப்பில் 29 முதல் 31 டிகிரி செல்சியஸும், மறுமுனையில் 22 முதல் 24 டிகிரியும் இருக்க வேண்டும். ராயல் பைத்தானுக்குச் சூடான முனை 31 முதல் 33, குளிர்ந்த முனை 25 முதல் 27 டிகிரி. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி காற்றின் வெப்பத்தை, அதையும் ஏனோதானோவென்று, காட்டுமே தவிர, பாம்பின் வயிறு படும் தரையின் வெப்பத்தைக் காட்டாது; கம்பி முனை உள்ள மின்னணு வெப்பமானிகள் இரண்டை வாங்கி, முனைக்கொன்றாக வையுங்கள். ஹீட் மேட் (பெட்டியைச் சூடாக்கும் மின்விரிப்பு) எதுவாயினும் அது தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாகவே ஓட வேண்டும். கட்டுப்பாடில்லாத மேட் பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும், சுடப்படுவதை உணர்ந்து விலகும் திறன் பாம்புக்கு அவ்வளவாக இல்லை.

எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை

உணவென்பது முழு எலிதான். எலும்பு, ஈரல், தோல் எல்லாம் சேர்ந்தே பாம்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் வைட்டமின்களையும் தருகின்றன. கோழி இறைச்சித் துண்டைக் கொடுத்தால் வயிறு நிறையும், எலும்பு வளராது. பால் கேட்கவே வேண்டாம். புற்றுக்குப் பால் ஊற்றுவது வழிபாட்டு வழக்கம். பாலைச் செரிக்க ஊர்வனவற்றின் குடலுக்கு வழியில்லை.

கடைகளில் உறைந்த சுண்டெலிகள் பருவ வாரியாக விற்கப்படுகின்றன: ரோமமே இல்லாத பிறந்த குட்டி பிங்கி, மெல்லிய ரோமம் வந்தது ஃபஸி, கண் திறந்து துள்ளத் தொடங்கியது ஹாப்பர். பாம்பு 15 கிராமை எட்டும் வரை ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒரு பிங்கி போதும். 15க்கு மேல் 24 வரை ஒரு வேளைக்கு இரண்டு பிங்கிகள். அதன் பின் சிறிய ஃபஸியிலிருந்து தொடங்கிப் பெரிய ஃபஸி. 50 கிராமைத் தாண்டியதும் ஹாப்பர். பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் அளவோ, அதைப் போல் ஒன்றரை மடங்கோ இரையின் பருமன் இருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். பாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லப்படும் பொதுக்கணக்கு சற்று வளர்ந்த பாம்புக்குத்தான் பொருந்தும். 6 கிராம் குட்டிக்குக் கிடைக்கும் மிகச் சிறிய பிங்கியே 1 கிராமைத் தாண்டிவிடும் என்பதால், தொடக்கத்தில் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: புதிதாக வந்த குட்டி இரையைத் தொடவே இல்லை

குட்டி வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் இது கோளாறே அல்ல. தண்ணீரை வைத்துவிட்டு, கையில் எடுக்காமல், ஐந்து முதல் ஏழு நாட்கள் தனியே விடுங்கள். பிறந்து முதல் சட்டையை உரிக்காத குட்டியாக இருந்தால், வயிற்றில் உள்ள மஞ்சள் கருவே அதற்கு உணவு. பெரும்பாலும் பிறந்த ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அந்த முதல் சட்டை உரியும், அதன் பின்னரே இரை. கண்கள் நீலம் பூத்து மங்கியிருந்தாலும் காத்திருங்கள். சட்டை உரியும் காலத்தில் பார்வை மங்கும், பசியும் மறையும், உரிந்து முடிந்த ஓரிரு நாளில் பல குட்டிகள் தாமாகவே இரை தேடும்.

இவை எதுவும் இல்லையெனில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஐந்து நாளாவது விட்டுச் சரிபார்க்க வேண்டும். நாள்தோறும் எலியை மூக்கின்முன் ஆட்டுவது குட்டியை அச்சுறுத்துமேயொழியப் பசியைத் தூண்டாது. ஒரே நாளில் நான்கு தந்திரங்களைச் செய்துவிட்டால், எது பலித்தது என்பதும் தெரியாமல் போய்விடும்.

முதலில் பெட்டியைப் பாருங்கள். பெரிய, வெறிச்சோடிய கண்ணாடித் தொட்டியில் விடப்பட்ட 20 சென்டிமீட்டர் உயிர், தன்னை எந்நேரமும் ஏதோ ஒன்று தின்ன வருவதாக எண்ணியே இருக்கும். உடலின் இரு பக்கமும் சுவரில் உரசும்படியான இறுக்கமான ஒளிவிடம் சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று என இரண்டு வேண்டும். தரையில் ஆஸ்பென் மரச்சீவலைத் தாராளமாக இட்டுப் புதைந்துகொள்ள விடுங்கள். வெட்டவெளியாகத் தெரியும் பக்கங்களைத் தாளால் மறையுங்கள். ராயல் பைத்தான் குட்டிகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவை இடுக்குகளில் பதுங்கியிருந்து இரை பிடிக்கும் இனம்.

அடுத்து, இரையின் சூடு. உறைந்த எலியை இரவு முழுவதும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தோ, மூடிய பையிலிட்டுக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தியோ உள்ளே வரை உருக விட வேண்டும். கொடுக்கும் நேரத்தில் அதே பையைக் கைபொறுக்கும் சூட்டு நீரில் சில நிமிடங்கள் வைத்தால், எலியின் உடல் உயிருள்ள எலியின் சூட்டுக்கு, அதாவது 37 டிகிரிக்குச் சற்று மேலாக வரும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடம் வெந்து, வயிறு வெடித்து, நடுவே பனிக்கட்டி மிஞ்சும். உருகிய எலியைத் திரும்ப உறைய வைக்கவும் கூடாது. இந்த வேலைக்கான கிண்ணமும் இடுக்கியும் சமையலறைக்குத் திரும்பாமல் தனியே இருக்கட்டும். எலியிலும் பாம்பிலும் சால்மொனெல்லா இருக்கக்கூடும் என்பதால் சோப்பிட்டுக் கை கழுவுவதும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இதிலிருந்து விலக்கி வைப்பதும் அவசியம்.

வெப்பமும் ஒளிவிடமும் சரியாக இருந்தும் குட்டி மறுத்தால், சிறு டப்பா முறையைச் செய்து பாருங்கள். காற்றுத் துளையிட்ட கைப்பிடியளவு டப்பாவில், சற்றே ஈரமான தாள்துணியோடு குட்டியையும் சூடான பிங்கியையும் வைத்து மூடி, மாலையில் விளக்கை அணைத்து, டப்பாவை அதன் பெட்டிக்குள்ளேயே சூடான பக்கத்தில், ஆனால் மேட்டுக்கு நேர் மேலே இல்லாமல் வைத்துவிட்டு, விடியும் வரை எட்டிப் பார்க்காதீர்கள். அடம் பிடிக்கும் குட்டிகளில் கணிசமானவை இதில் வழிக்கு வந்துவிடுகின்றன.

அதற்கும் மசியாத குட்டிக்கு வாசனையை மாற்ற வேண்டும். காட்டில் பிறக்கும் கார்ன் பாம்புக் குட்டிகளின் இரையில் அனோல் பல்லிகளும் மரத்தவளைகளும் முக்கியமானவை. எலி வாசனையை உணவாகக் கருதாமல் சில குட்டிகள் பிறப்பதற்கு இதுவே காரணம். பிங்கியை வாசனையில்லாத சோப்பால் மெல்லக் கழுவி நன்றாக அலசி, துடைத்துக் கொடுப்பது எளிய முதல் படி. அடுத்தது, வளர்ப்புப் பல்லியின் உரிந்த தோலை அதன்மேல் தேய்ப்பது, அல்லது உப்பில்லாத டூனா மீன் நீரைத் தொட்டு வைப்பது. சுவரில் ஓடும் பல்லியைப் பிடித்துத் தேய்க்கலாமே என்று தோன்றும்; காட்டுப் பல்லிகள் சுமக்கும் ஒட்டுண்ணிகளை வலியத் தேடிக் கொண்டுவருவது வீண் வேலை. இன்னொரு முறை, இறந்த பிங்கியின் தலையைச் சிறு ஊசியால் துளைத்து மூளைச்சாறு வெளிவரச் செய்வது. பார்க்கச் சங்கடமானதுதான், ஆனால் பல வளர்ப்பாளர்கள் இறுதியில் நம்புவது இதைத்தான்.

உயிருள்ள இரையை நான் பரிந்துரைப்பதில்லை. கண் திறவாத பிங்கியால் பாம்புக்கு ஆபத்தில்லை என்றாலும், கண் திறந்து பல் முளைத்த எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். எலியும் வீணே துன்பப்படும். உயிரிரைக்கே பழகிய குட்டியைப் பின்னர் உறைந்த இரைக்குத் திருப்புவதோ நெடிய வேலை. வாயைத் திறந்து இரையைத் திணிப்பதை நேரில் கற்றுக்கொள்ளாமல் யாரும் செய்யக்கூடாது. தாடை உடைவதும், தொண்டை கிழிவதும், அச்சத்தால் குட்டி ஒரேயடியாக உணவை வெறுப்பதும் அதில் நேரும்.

எப்போது காத்திருப்பதை நிறுத்துவது? தொடக்க எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டாலோ, முதுகெலும்பு விளிம்பாகத் துருத்தினாலோ, நாட்கணக்கைப் பாராமல் ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். எடை இறங்காவிட்டாலும், மூன்று நான்கு வாரங்களாக ஒன்றுமே உண்ணாத கார்ன் குட்டியைக் காட்டிவிடுவது நல்லது. வளர்ந்த ராயல் பைத்தான் மாதக்கணக்கில் நோன்பிருந்து நலமாக இருப்பதைக் கேள்விப்பட்டு, அந்த ஆறுதலைக் குட்டிக்கும் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: விழுங்கிய இரையைக் கக்கிவிடுகிறது

இந்தப் பட்டியலில் மிகவும் அஞ்ச வேண்டியது இதுதான்; ஆனாலும் பலர் கக்கிய மறுநாளே, பாவம் பசிக்குமே என்று, இன்னோர் எலியைக் கொடுத்துவிடுகிறார்கள். கக்கும்போது வயிற்று அமிலமும் உப்புச் சத்தும் நீரும் வெளியேறுகின்றன, உணவுக்குழாய் புண்ணாகிறது. அந்த நிலையில் வரும் இரண்டாவது எலியும் செரிக்காமல் திரும்பும். இரண்டு மூன்று முறை தொடர்ந்தால் 6 கிராம் குட்டி தாங்காது.

செய்ய வேண்டியது: கக்கியதை அகற்றி, பெட்டியைச் சுத்தம் செய்து, புதுத் தண்ணீர் வையுங்கள். குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள், இரையும் கொடுக்காமல் கையிலும் எடுக்காமல் விடுங்கள். அதன் பின் வழக்கமான இரையில் பாதி அளவு மட்டும். பிங்கியே வழக்கமான இரை என்றால் கிடைப்பதில் மிகச் சிறிய பிங்கி, அல்லது பாதியாக வெட்டிய பிங்கி. அது வயிற்றில் தங்கினால், ஏழு முதல் பத்து நாள் கழித்து மீண்டும் அதே அளவு. அதன் பிறகே படிப்படியாகப் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

இந்த இரு வாரங்களைக் காரணம் தேடப் பயன்படுத்துங்கள். சூடான முனை 27 டிகிரியைக்கூடத் தொடவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பாம்பின் செரிமானம் வெளிவெப்பத்தை நம்பியே நடக்கிறது, சூடு போதாவிட்டால் எலி வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும், உடல் அதை வெளியே தள்ளிவிடும். நள்ளிரவில் மின்சாரம் நின்று, காலையில் வந்துவிட்டிருந்தால், பகலில் நீங்கள் பார்க்கும் எண் சரியாகவே இருக்கும் என்பதால், குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் வெப்பமானி இங்கே உதவும். அடுத்த காரணம், இரை கொடுத்த 48 மணி நேரத்துக்குள் கையில் எடுத்தது. இரை கொடுக்க வேறு டப்பாவுக்கு மாற்றி, உண்டபின் தூக்கிப் பெட்டியில் விடுவதும் இதில் அடங்கும். பெட்டிக்குள்ளேயே கொடுத்தால் பாம்பு மூர்க்கமாகிவிடும் என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. டப்பா முறையில் மட்டுமே உண்ணும் குட்டியானால், டப்பாவைப் பெட்டிக்குள் வைத்துத் திறந்துவிட்டு, தானே வெளியேற விடுங்கள். மூன்றாவது, வயதுக்கு மீறிய இரை, அல்லது நாள் இடைவெளி போதாமை.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் இரண்டாம் முறை கக்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் பாம்பின் இரைப்பைச் சுவரைத் தடிக்கச் செய்யும். தொடர்ந்து கக்குவதும், உடலின் நடுப்பகுதியில் கெட்டியான வீக்கமும், எலும்பு தெரிய மெலிவதும் அதன் அடையாளங்கள். நம்பகமாகக் குணமாக்கும் மருந்து இதற்கு இல்லை, மற்றப் பாம்புகளுக்கும் பரவும். ஆகவே ஐயம் எழுந்தவுடனே அந்தப் பாம்பின் கிண்ணம், இடுக்கி அனைத்தையும் பிரித்துவிடுங்கள்.

அறிகுறி: ஒழுங்காக உண்கிறது, எடை ஏறவில்லை

முதலில் இரையின் அளவைப் பாருங்கள்; 30 கிராம் பாம்புக்கு இன்னும் ஒற்றைப் பிங்கியே போய்க்கொண்டிருந்தால் விடை கிடைத்துவிட்டது. இரை விழுங்கியபின் நடு உடலில் மெல்லிய புடைப்பு ஒரு நாளாவது தெரிய வேண்டும். இரையைப் பெரிதாக்கியும் நான்கைந்து வாரங்களில் மாற்றமில்லையெனில், எச்சத்தைப் பரிசோதித்துக் குடற்புழு உண்டா என்று பார்க்க வேண்டும்.

செதில்களுக்கிடையே, குறிப்பாகக் கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும், கடுகைவிடச் சிறிய கருநிறப் புள்ளிகள் நகர்கின்றனவா என்றும் பாருங்கள். இவை பாம்பு உண்ணிகள்; இரத்தத்தை உறிஞ்சிக் குட்டியைச் சோகை பிடிக்கச் செய்யும். பாம்பு நாள் முழுதும் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடப்பதும், அந்தத் தண்ணீரின் அடியில் கரும்புள்ளிகள் தங்குவதும் இதை உறுதிப்படுத்தும். நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தைத் தெளித்துவிடாதீர்கள். அவற்றில் பல பாம்புக்கு நஞ்சு.

அறிகுறி: எந்நேரமும் பசியோடிருக்கிறது, உடலோ தடித்துவருகிறது

கார்ன் பாம்பு கிடைத்ததையெல்லாம் உண்ணும். கண்ணாடியருகே வந்து நிற்பதைப் பசியென்று எண்ணி, மூன்று நாளுக்கு ஒரு முறை எலி கொடுத்து, ஓராண்டில் பெரிதாக்கிவிட்டதைச் சிலர் பெருமையாகக் கூறுகிறார்கள். வேகமாக வளர்ந்த பாம்பு நலமான பாம்பு என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. மிகை கொழுப்பு உடற்குழிக்குள் சேர்ந்து ஈரலையும் கெடுக்கிறது, 15 முதல் 20 ஆண்டு வாழ வேண்டிய உயிரின் ஆயுள் அதில் குறைகிறது.

சரியான உடல், குறுக்கே வெட்டிப் பார்த்தால் ரொட்டித் துண்டின் வடிவில் இருக்கும்: வயிறு தட்டையாக, பக்கங்கள் நேராக, முதுகு மெல்ல வளைந்து. முதுகெலும்பு கூர்மையாக எழுந்து பக்கங்கள் உள்வாங்கினால் மெலிவு. உடல் முற்றிலும் உருண்டையாகி, நேராகக் கிடக்கும்போதே செதில்களுக்கிடையே தோல் தெரிந்து, வளையும் இடத்தில் மடிப்பு விழுந்து, கழிவுத்துளைக்கு முன் இருபுறமும் பிதுங்கினால் கொழுப்பு. கொழுத்த குட்டியைப் பட்டினி போடாதீர்கள். இரையின் அளவை ஒரு படி குறைத்து, இடைவெளியை 10 நாளாக்கி, ஏறுவதற்குக் கிளைகள் வைத்த பெரிய பெட்டிக்கு மாற்றுங்கள். எலிக்குட்டிக்குப் பதில் பெருச்சாளிக்குட்டி கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கடையில் விற்கும் வளர்ப்பு எலியைத் தவிர, வெளியே பிடித்த எதுவும் வேண்டாம், எலி பாஷாணம் தின்ற எலி பாம்பையும் கொன்றுவிடும்.

சிறு அறிகுறிகள் சில

இரையைக் கவ்விவிட்டு உடனே போட்டுவிட்டால், பெரும்பாலும் எலி ஆறிப்போயிருக்கும், அல்லது வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தொந்தரவு செய்திருக்கும். மீண்டும் சூடாக்கி வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள்.

மூன்று வேளை இரைக்குப் பின்னும் எச்சமிடாமல், கழிவுத்துளைக்கு முன்னே உடல் புடைத்திருந்தால், அடுத்த இரையை நிறுத்திவிட்டு, 28 முதல் 30 டிகிரி நீரை உடலில் பாதி மட்டுமே நனையும் ஆழத்துக்கு விட்டு, 15 நிமிடம் அதில் கிடக்க விடுங்கள். அருகிலிருந்து கவனிக்க வேண்டும். எச்சத்தோடு வரும் வெண்மையான சுண்ணம் போன்ற பகுதி கெட்டிப்பட்டு ஆரஞ்சு நிறமாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள். இரண்டு மூன்று முறை ஊறவைத்தும் பலனில்லை என்றால் மருத்துவரை நாடுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, சீழ்க்கை போன்ற ஒலி, ஈறு சிவந்து சீழ் கட்டுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுடன் உணவு மறுப்பும் சேர்ந்தால், மேலே சொன்ன எந்தத் தந்திரத்தையும் முயலாமல் அன்றே காட்டுங்கள்.

மருத்துவரிடம் கொண்டு செல்லும்போது

இரை உண்டு மூன்று நான்கு நாட்களாவது கழிந்திருந்தால் பயணத்தில் கக்கும் வாய்ப்பு குறையும். அவசரமெனில் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். எடைக் குறிப்பும், இரு முனை வெப்பமானிகளின் கைப்பேசிப் படமும், கடைசியாகக் கொடுத்த இரையின் அளவும் தேதியும் உடன் இருக்கட்டும். எச்சம் கிடைத்தால், அன்று இட்டதை மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். உறைய வைத்தால் பரிசோதனைக்கு உதவாமல் போகலாம். குட்டியைக் காற்றுப் புகும் துணிப்பையிலிட்டு, வாய் கட்டி, அந்தப் பையைக் கெட்டியான டப்பாவுக்குள் வைத்து, வண்டியில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். குளிர்நாடுகளில் துணியில் சுற்றிய வெந்நீர்க் குப்பி ஒன்று டப்பாவுக்கு வெளிப்புறமாக இருக்கலாம், பையைத் தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது.